பெருந்தொழிலைக் கைவிட்டால் அந்த வேலை யார் தலையில் விழும்?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறீர்கள். பென்னாகரம் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். ஆலை, ரசாயனம், பெரிய இயந்திரம் எல்லாவற்றையும் உலகமே கைவிட்டு, ஊர் அளவில் விவசாயமும் கைத்தொழிலும் செய்து தற்சார்பாக வாழத் திரும்பினால் மனிதர்களுக்கு என்ன ஆகும், நம் முன்னோர் அப்படித்தானே ஆரோக்கியமாக வாழ்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்று மாற்றி மாற்றி வேலை பார்த்ததில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளை நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். என் பதில் இதுதான். ஆலை மூடினால் ஆலை செய்துகொண்டிருந்த வேலை மறைந்துவிடாது. அதை யாராவது உடம்பால் செய்தாக வேண்டும். உடம்பால் செய்ய முடியாத வேலையாக இருந்தால் அது நடக்காது, அதனால் யாராவது சாவார்கள். அந்த யாராவது யார் என்பது எங்கள் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். உங்கள் எண்ணத்தில் நல்லதும் நிறைய இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பாறை பூமி. பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுத் தர அளவு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது. நம் பக்கம் ஊர் ஊராக போர்வெல் தண்ணீர் அந்த வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. பார்க்கத் தெளிவாக இருக்கும், குடிக்க வாடையும் இருக்காது, காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகத்தான் ஆகும்.

அதை நான் பிள்ளைகளின் வாயில் பார்த்தேன். முன்பற்களில் குறுக்காகச் சுண்ணாம்பு வெள்ளையில் கோடுகள் ஓடும். அதன்மேல் புளியங்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. சாம்பல் போட்டுத் தேய்த்து, உப்பு போட்டுத் தேய்த்து, பிளேடால்கூடச் சுரண்டிப் பார்த்த பிள்ளைகள் உண்டு. ஈறு புண்ணாகும், கறை போகாது. ஏனென்றால் அது பல்லின்மேல் படிந்த அழுக்கு கிடையாது. சின்ன வயதில் பல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே சேர்ந்துவிட்ட கோளாறு. வகுப்பு போட்டோ எடுக்கும்போது பெண்பிள்ளைகள் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். பேசும்போது வாயைக் கையால் மறைக்கும் பழக்கம் சிலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் போகவில்லை. பல்லோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பல வருஷம் அந்தத் தண்ணீரையே குடித்தவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப்போய், குனிந்து நெல் நட முடியாமல், தரையில் உட்கார முடியாமல் ஆகிவிடும். நாற்பது வயதில் கிழவி மாதிரி நடக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அது வயதின் வேலை இல்லை.

இதற்கு வந்த தீர்வுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடனுதவியோடு ரூ.1,928 கோடி செலவில் கட்டி 2013-ல் திறந்தார்கள். காவிரித் தண்ணீரை எடுத்து, சுத்திகரித்து, குளோரின் கலந்து, மலை ஏற்றி, இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள். இதில் எது ஊர் அளவில் செய்யக்கூடியது என்று யோசித்துப் பாருங்கள். குழாய் பெரிய வார்ப்பாலையில் ஊற்றியது. பம்பு, மோட்டார், மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி, மின்சாரம், அந்த மின்சாரத்தைக் கொண்டுவரும் கோபுரம் எல்லாமே பெருந்தொழில். குளோரின்கூட உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பது. மேட்டூரில் அணையை ஒட்டி அப்படி ஒரு ஆலை பல காலமாக இருக்கிறது.

நான் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லும் கணக்கு ஒன்று. ஒகேனக்கல் ஆற்று மட்டத்துக்கும் ஓசூருக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 600 மீட்டர். 1,000 லிட்டர் தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்க, உராய்வு எதையும் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 1.6 யூனிட் மின்சாரத்தின் வேலை வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு நல்ல உடல்நிலையில் இருக்கிற ஒரு ஆள் நாள் முழுக்க நிற்காமல் உழைத்தால் கொடுக்கும் வேலை 0.6 யூனிட். அதாவது ஆயிரம் லிட்டருக்கு மூன்று ஆள், ஒரு முழு நாள். அதுவும் உயரம் தூக்க மட்டும்தான், தூரம் தனி. நாளைக்கே பம்பு நின்றால் ஓசூர்க்காரர் யாரும் காவிரியிலிருந்து தண்ணீர் சுமக்கப் போவதில்லை. பழையபடி போர்வெல் தண்ணீரைக் குடிப்பார்கள். ஆனால் மின்சாரமும் இல்லையே, அதனால் கிணற்றிலிருந்து சேந்த வேண்டும். சேந்துவது யார்? நம் ஊரில் குடத்தோடு நிற்கும் ஆண்பிள்ளையை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

இதில் இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. இந்தத் துன்பத்தை இவ்வளவு பெரிதாக்கியதிலும் இயந்திரத்துக்குப் பங்கு உண்டு. கவலை கட்டி மாட்டால் இறைத்த காலத்தில் கிணறு மேலாகத்தான் இருந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்து நூற்றுக்கணக்கான அடி துளைத்தன. நீர்மட்டம் இறங்க இறங்க இன்னும் ஆழமாகத் துளைத்தோம். பாறையோடு நெடுங்காலம் கிடந்த ஆழத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆக, இயந்திரம் கொண்டுவந்த வினை என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்று நீர்மட்டம் இறங்கிவிட்டது, ஜனத்தொகை ஏறிவிட்டது. இயந்திரத்தை விட்டுவிட்டால் பழைய கிணறு நிரம்பிக் காத்துக்கொண்டிருக்காது.

அடுத்தது சோறு. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது சுமார் 20 கிலோ. தொழு எருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். ஒரு மூட்டையில் இருக்கும் தழைச்சத்தை எருவில் கொடுக்க ஏறத்தாழ 4 டன் எரு வேண்டும். இரண்டு மாடு ஒரு வருஷம் முழுக்கப் போடும் சாணம். எரு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், ஈரத்தைப் பிடிக்கும், யூரியா அதைச் செய்யாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் நிலத்தில் ஆட்டுப்பட்டி போடுங்கள், பசுந்தாள் உரமாகக் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுங்கள், நன்றாக விளையும். ஆனால் ஒவ்வொரு ஏக்கருக்கும் அத்தனை மாடு வேண்டும் என்றால், அந்த மாடுகள் மேய இன்னும் பல ஏக்கர் வேண்டும். அந்த நிலம் எங்கே இருக்கிறது?

காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வழியை ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹாபர் 1909-ல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை 1913-ல் ஆலையாக்கினார். இன்று உலகில் சாப்பிடும் ஜனங்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவு அந்த வழியில் வந்த உரத்தை நம்பித்தான் விளைகிறது. அந்த ஆலைகளை மூடுவது என்றால் அந்தப் பாதி ஜனங்களைப் பற்றி ஒரு முடிவு எடுப்பது என்றுதான் பொருள். இதை வேறு எப்படியும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கை 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியது. இயற்கை விவசாயம் என்று பெயர் சொன்னாலும் பின்னால் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் இருந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவாக இருந்த நாட்டில் விளைச்சல் விழுந்து, வெளியிலிருந்து அரிசி வாங்கும்படி ஆயிற்று. தேயிலையும் அடிவாங்கியது. அதே வருஷம் நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஒரே ஒரு பொருளை, அதுவும் சில மாதங்கள் நிறுத்தியதற்கு இது. மலையகத்தில் தேயிலை கிள்ளும் நம் தமிழ்க் குடும்பங்களின் அடுப்பில் அந்த அடி எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாரும் அந்த முடிவை எடுத்தவர்கள் இல்லை.

முன்னோர் நன்றாக வாழ்ந்தார்கள் என்பதற்கு வருகிறேன். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பழைய சேலம் ஜில்லாவில் இருந்தவை. 1871 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஜில்லாவில் சுமார் 19.7 இலட்சம் பேர். 1881-ல் எண்ணியபோது சுமார் 16 இலட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. இடையில் வந்தது 1876-ன் தாது வருஷப் பஞ்சம். என் பாட்டி அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவரில்லை. ஆனால் யாராவது சோற்றை வீணடித்தால் "தாது வருஷத்துல தெரிஞ்சிருக்கும்" என்பார். கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்ற கதையை அவருக்கு அவருடைய பாட்டி சொல்லியிருக்கிறார்.

அந்தப் பஞ்சத்தைக் காட்டி, பார்த்தீர்களா தொழில்மயம் இல்லாததால் செத்தார்கள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அப்போதே ரயில் இருந்தது. அந்த ரயிலில் தானியம் விலை கிடைக்கிற இடத்துக்குப் போனது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு 450 கிராம் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மில் துணியால் ஏற்கெனவே தொழில் நசிந்திருந்த நெசவாளர்கள் முதல் வரிசையில் செத்தார்கள். இயந்திரம் இருந்தால் மட்டும் சோறு கிடைத்துவிடாது. அது யார் கையில் இருக்கிறது என்பதும் வேண்டும். ஆனால் மழை பொய்த்த ஊருக்கு வேறு ஊர் தானியம் சில நாளில் வந்து சேர வழியே இல்லாத உலகத்தில் நியாயமான அரசு இருந்தாலும் காப்பாற்ற முடியாது. மாட்டு வண்டி போகிற தூரத்தில், மாட்டுக்கே தீவனம் இல்லாத வருஷத்தில், எதை ஏற்றிப் போவது?

1951-ல்கூட இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 32 வருஷம். இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. தாத்தா தொண்ணூறு வயது வரை திடமாக இருந்தார் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். அந்தத் தாத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தொட்டிலோடு போனார்கள் என்பதைக் கேட்டால்தான் முழுக் கதை தெரியும். எங்கள் வீட்டில் கேட்டேன். பெயர்கூட வைக்காமல் போன குழந்தைகளைப் பாட்டி விரல் விட்டு எண்ணினார்.

துணிக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நான் கட்டுவது 40-ஆம் நம்பர் நூல் பருத்திப் புடவை என்று வையுங்கள், எடை 450 கிராம். அந்த எடையில் நூலின் நீளம் 30 கிலோமீட்டர். நம்ப முடியாவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு, 840 கெஜ நீள நூல் கொண்ட சிட்டம் நாற்பது. கை ராட்டையில் நல்ல பழக்கமுள்ளவர் மணிக்கு 400 கெஜம் நூற்பார். ஒரு புடவைக்கு 80 மணி நேரத்துக்கு மேல், வெறும் நூற்புக்கே. பஞ்சு கொட்டை எடுப்பது, வில்லடிப்பது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, நெய்வது எல்லாம் அதற்கு மேல். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு இரண்டு உருப்படி என்றால் வீட்டில் ஒரு பெண் வருஷத்தில் பல மாதம் ராட்டையை விட்டு எழுந்திருக்க முடியாது. அந்தக் காலத்து ஏழைக்கு மாற்றுத்துணி இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். மாதவிலக்கு நாட்களில் அது என்ன பாடு என்பதை என் வயதுப் பெண்களின் பாட்டிமார் மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று கைத்தறிப் புடவை என்று நாம் ஆசையாக வாங்குவதிலும் நெசவுதான் கையால். நூல் பெரும்பாலும் மில் நூல்.

கைத்தொழில் என்றாலே மனிதருக்கு இதமானது என்ற எண்ணமும் சரியில்லை. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, பெரிய ஏலம் நடக்கும் இடம். கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பழைய பட்டறையில் போய்ப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீரில் கூடுகள் மிதக்கும். நூலின் முனையைக் கண்டுபிடிக்க அந்தப் பெண் விரலை அதற்குள் விட்டுவிட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் பச்சைத் தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. சூடு பொறுக்காதபோது விரலை அதில் நனைத்துக்கொள்வார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கி, நகக்கண்ணில் வெடிப்பு. புழு வெந்த வாடை முடியில் ஏறிவிடும். என்னிடம் படித்த பிள்ளையின் அம்மா ஒருவர் அந்த வேலை செய்தார். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார், உப்பு பட்டால் எரியும். தானியங்கி இயந்திரத்தில் விரல் வெந்நீருக்குள் போக வேண்டியதில்லை. அதே பட்டு, அதே பளபளப்பு.

காந்தியைச் சொல்வீர்கள். சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். 1924-ல் ஒருவர் அவரிடம் எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்தை அவர் விலக்காகச் சொன்னார். கண்டுபிடித்தவற்றில் மிகப் பயனுள்ள சிலவற்றில் அதுவும் ஒன்று என்றார். அந்த இயந்திரத்தைச் செய்யப் பெரிய ஆலை வேண்டுமே என்று மறு கேள்வி வந்தது. வேண்டும்தான், அப்படிப்பட்ட ஆலைகள் அரசின் கையில் இருக்கட்டும் என்று பதில் சொன்னார். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா கிராமத் தொழிலுக்காகவே வாழ்ந்தவர். சில பொதுப்பயன்பாட்டுத் தொழில்களைப் பெரிய அளவில்தான் நடத்த முடியும், அதைப் பொதுமக்கள் நலனுக்காக நடத்த வேண்டும் என்பது அவர் நிலையும்கூட. அவர்கள் கேட்டது எதைப் பெரிதாகச் செய்வது, எதைச் சிறிதாகச் செய்வது, யாருக்காக என்பது. நீங்கள் கேட்பது எல்லாவற்றையும் விட்டுவிடுவது. இரண்டும் வேறு வேறு.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளை வைத்து, பொது ஆண்டுக்கு முன் 2172-லேயே இங்கே இரும்பு புழங்கியது என்று 2022-ல் அறிவித்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த இரும்பு முழுக்க அடுப்புக்கரியில் உருகியது. வெள்ளைக்காரர் ஜே.எம்.ஹீத் 1830-களில் சேலத்துத் தாதுவை வைத்துப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அது நொடித்துப்போனதற்குக் கரிக்கு மரம் கிடைக்காததும் ஒரு காரணம். ஆளுக்கு ஒரு கொடுவாள் என்ற அளவுக்கு அந்த முறை போதும். இன்றைய ஜனத்தொகைக்குக் கலப்பை, சைக்கிள், பாலம் எல்லாம் கரியில் உருக்குவது என்றால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டில் யானைக்கு நிழல் மிஞ்சாது. காட்டைக் காப்பாற்றவே நீங்கள் ஆலையை வெறுக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சரி, ஒரு நாடு முழுக்க அப்படி வாழ்ந்து பார்த்தது உண்டா? கியூபாவில் கிட்டத்தட்ட நடந்தது. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் பெட்ரோலும் உரமும் உதிரி பாகமும் நின்றன. டிராக்டர் நிற்க, எருதுகளைப் பழக்கினார்கள். நகரத்துக் காலி மனைகளில் காய்கறி போட்டார்கள். லட்சக்கணக்கில் சைக்கிள் ஓட்டினார்கள். ரேஷனும் இலவச மருத்துவமும் உள்ள, ஒழுங்கான அமைப்பு கொண்ட நாடு அது. அப்படியும் ஜனங்கள் இளைத்தார்கள், பெரியவர்கள் சராசரியாக 5 கிலோவை ஒட்டி எடை இழந்தார்கள். 1992, 1993-ல் 50,000 பேருக்கு மேல் கண் மங்கியது, கால் மரத்தது. சத்துக் குறைவால் வந்த நரம்பு நோய். கடைசியில் நாட்டு மக்கள் எல்லாருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். மாத்திரை ஆலையில் செய்தது. அந்த மக்களின் உழைப்பையும் ஒற்றுமையையும் நான் மனமார மதிக்கிறேன். நல்ல நிலைமையில், நல்ல ஏற்பாட்டோடு செய்தாலே இவ்வளவு என்பதற்காகத்தான் இந்த உதாரணம். கட்டாயப்படுத்திச் செய்த கம்போடியாவில் 1975-க்கும் 1979-க்கும் இடையே பட்டணங்களைக் காலி செய்து எல்லாரையும் வயலுக்கு ஓட்டினார்கள். நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அதற்கும் மேலாகவே, செத்தார்கள்.

மருந்து பற்றி நீங்களே யோசித்துக்கொள்வீர்கள், நீட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று. 1922-க்கு முன் சர்க்கரை நோய் வந்த குழந்தை ஓரிரு வருஷத்தில் இறந்துவிடும். இன்சுலின் வந்த பிறகு வாழ்கிறது. இன்று அதை நுண்ணுயிர்களை வைத்துப் பெரிய உருளைகளில் வளர்த்து எடுக்கிறார்கள், குளிர்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவருகிறார்கள். என் வகுப்பில் இரண்டாவது பீரியட் முடிந்ததும் பையிலிருந்து ஊசியை எடுத்துத் தானே போட்டுக்கொள்ளும் பையன் ஒருவன் இருந்தான். இன்று அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். எந்த மூலிகையும் அவனுக்கு மாற்று கிடையாது.

பெருந்தொழில் போனால் என்ன ஆகும் என்று தெரிய எங்கேயோ போக வேண்டியதும் இல்லை. அது வராத இடங்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தன, இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்கள் தற்சார்பாக இல்லை. அவை ஆட்களை வெளியே அனுப்பிப் பிழைத்தன. பெங்களூரில் நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் செங்கல் சுமந்தவர்களில் எங்கள் பக்கத்தவர் நிச்சயம் இருப்பார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போன 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் எங்கள் சித்தேரி மலைப்பக்கத்தவரும் இருந்தார்கள். காடு இருந்தது, மழை பெய்தால் சாமையும் விளைந்தது, கைத்தொழிலும் தெரியும். கையில் காசு கொடுக்கும் வேலை ஊரில் இல்லை.

இதற்கு நேர்மாறாக ஓசூரைப் பாருங்கள். 1970-களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஆலைகள் வந்தன. இப்போது கைபேசி உதிரி பாகம், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் என்று இருந்த பெண்பிள்ளைகள் சிலர் அந்த ஆலைப் பேருந்தில் ஏறியதால் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிந்தது. குழந்தைத் திருமணத்துக்குப் பேர்போன மாவட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஆலை வேலை சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். நின்றுகொண்டே ஷிப்டு, விடுதியில் நெருக்கடி, நிரந்தரம் ஆக்காமல் ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பது எல்லாம் அந்தப் பெண்களே வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூடிவிடலாமா என்று கேட்டால் ஒருத்தியும் சம்மதிக்க மாட்டாள். சம்பளத்தைக் கூட்டு, உட்கார இடம் கொடு, சங்கம் வைக்க விடு என்பதுதான் அவர்கள் கேட்பது.

உங்கள் கோபம் எங்கே நியாயம் என்றால், கெலவரப்பள்ளி அணையில். தென்பெண்ணையில் தண்ணீர் திறக்கும்போது மதகுக்குக் கீழே வெள்ளை நுரை மலைபோல் எழும்பி, காற்றில் பிய்ந்து ரோட்டிலும் வயலிலும் போய் விழும். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சேர்ந்து வருவது. அந்தத் தண்ணீரைத்தான் ஆயக்கட்டு விவசாயி பாய்ச்சுகிறார். அதில் இறங்கினால் கால் அரிக்கிறது என்கிறார். இதைச் சுத்தம் செய்யத் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் இழுபறி. இன்று அந்தச் செலவை விவசாயியின் கால் ஏற்கிறது. ஆலையை மூடினாலும் வேலை அதே கால்மேல் ஏறும், இப்படியே விட்டாலும் கழிவு அதே கால்மேல் ஏறும். அதனால்தான் மூடு என்ற கோஷத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து விடு, ஆழ்துளைக்குக் கணக்கு வை, மாம்பழத்துக்கு விலை சொல்லிவிட்டு வாங்கு என்ற கோரிக்கைகளுக்கு உங்களைப் போன்ற படித்த பிள்ளைகள் வந்து நின்றால் பெரிய உதவியாக இருக்கும்.

மாம்பழம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் தோத்தாபுரி, நாம் பெங்களூரா என்போமே, பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குத்தான் போகிறது. சீசனில் ஆலைக்காரர்கள் சேர்ந்து விலையை அடித்துவிடுகிறார்கள் என்று விவசாயிகள் வருஷா வருஷம் போராடுகிறார்கள். அவர்கள் குமுறல் உண்மை. ஆலையே இல்லாவிட்டால் ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் எவ்வளவு போகும்? மிச்சம் மரத்தடியில் அழுகும்.

சிறிய அளவில் செய்யத் தகுந்தவை நிறைய இருக்கின்றன. கேழ்வரகு நம் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்திய பயிர். 2023-ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாகக் கார்டுக்கு 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். விதையை ஊரிலேயே எடுத்து வைப்பது, ஏரி தூர் வாருவது, ஆடு மாடு, கூடை முடைவது, மண் வீடு எல்லாம் செய்யுங்கள். ஆனால் அந்த ராகியை மாவு மில்லில் கொடுத்து அரையுங்கள். என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ராகிக்கல்லில் அரைப்பார். அந்த மரப்பிடி உரசி அவருடைய வலது உள்ளங்கையில் காய்த்த காய்ப்பு கடைசி வரை கரையவில்லை. அரைக்க மின்சாரம் வந்த பிறகுதான் அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். தற்சார்பு வாழ்வு பற்றிப் பேசுகிற கூட்டங்களில் அரைப்பது யார், சேந்துவது யார், துவைப்பது யார் என்று நான் கேட்பது வழக்கம்.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கம் என்றால் குடிபோவதற்கு முன் போர்வெல் தண்ணீரைச் சோதியுங்கள். தர்மபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள், மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அதற்குப் பிறகு பிடியுங்கள். ஃப்ளோரைடு 1.5-க்கு மேல் வந்தால் குடிக்கவோ சமைக்கவோ அதைத் தொடாதீர்கள், பயிருக்கு விடுங்கள். குடிக்க ஊராட்சியில் மனுக் கொடுத்து ஒகேனக்கல் இணைப்பு வாங்குங்கள். இணைப்பு வரும் வரைக்கும் மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து பிடித்து வடிகட்டி வைத்துக்கொள்ளலாம்; அதில் ஃப்ளோரைடு தொல்லை இல்லை. வீட்டில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். நிலத்தில் மழைத் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான இடம் பார்த்து ஒரு பண்ணைக்குட்டை வெட்டிவிட்டால் ஆடிப் பட்டத்து ராகிக்கு ஒரு தண்ணீர் கைகொடுக்கும். வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.